அத்தையின் கைப்பக்குவம்

பிப்ரவரி 2

அன்புள்ள பாப்பா,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நல்லபடியாக என்பது ஒரு பேச்சுக்கு. சிமெண்ட் லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்ததில் இடுப்பு கழன்றுவிட்டது. தகரக் கொட்டகையில் பாதி அறை கொடுத்திருக்கிறார்கள். மறுபாதியில் கணக்கெழுதும் பெண் ஒருத்தி, தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடிக்கிறாள். மண் பரிசோதனைக் கூடம் சுரங்கத்தின் வாயிலேயே இருக்கிறது. மலையைக் குடைந்தெடுக்கிற கல்லையும் மண்ணையும் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். நான் நசுக்கிப் பார்த்து, எழுதி, டேப் ஒட்டி அடுக்கவேண்டும். போன் எடுக்காது என்று சொன்னது நிஜம்தான். புதன்கிழமையும் சனிக்கிழமையும் சாமான் லாரி வந்துபோகும், தபாலும் அதில்தான். எதுவானாலும் எழுது.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். கிளம்பும்போது நான் வாயால் சொன்னதை நீ ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருப்பாய். ஊசியில் நூல் கோர்க்கும்போதுதான் உனக்குக் கவனம் வரும், எனக்குத் தெரியாதா? அதனால் எழுத்தில் தருகிறேன்.

உன் தையல் அறையில் இருக்கும் பெட்டி, மூடிப்போன ஐஸ்க்ரீம் கடையில் வாங்கின அந்த ஃப்ரீசர் பெட்டி, இடது பக்கம் முழுக்கக் கறியும் மீனும். வலது பக்கம் பருப்பு, கடலை, கீரை, காய்கறி சூப். அடியில் தட்டையாகப் படுக்கவைத்திருக்கிற பைகளெல்லாம் தக்காளி மசாலா. எதற்குள் கொட்டினாலும் அது ஒரு குழம்பாகிவிடும், அந்த அளவுக்கு வதக்கி வைத்திருக்கிறேன். மொத்தச் சந்தைக்கு விடியலில் போய், தக்காளியைக் கூடையோடும் வெங்காயத்தை மூட்டையோடும் வாங்கி, உன் அண்ணனும் பிள்ளைகளும் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்த அந்த மூன்று நாளும் நான் உட்காரவில்லை. நீ வெங்காயம் உரித்தாய், மறக்கவில்லை. எல்லா டப்பாவிலும் டேப் ஒட்டி என்ன கறி, எந்த வாரம் என்று எழுதியிருக்கிறேன். கல்லுக்கே டேப் ஒட்டுகிறவள், கறிக்கு ஒட்ட மாட்டேனா? முந்தின ராத்திரியே எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வை. உருகினதைத் திரும்ப உள்ளே வைக்காதே. உப்பைக் கொஞ்சம் குறைத்தே போட்டிருக்கிறேன், சூடாக்கும்போது ருசி பார்த்துச் சேர்த்துக்கொள். உருளைக்கிழங்கு எதிலும் கிடையாது, உறைந்தால் மரத்தூள் மாதிரி ஆகிவிடும்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். பெரியவள் போன வருஷம் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த டப்பாவைப் பார்த்துவிட்டு, "இது பழசு"ன்னு மேசையிலேயே வாந்தியெடுத்தாளே, அதிலிருந்து ஃப்ரிட்ஜ் என்ற சொல் காதில் விழுந்தாலே வாயைப் பூட்டிக்கொள்கிறாள். உன் அண்ணன் அவளுக்கு மேல், "செத்த சாப்பாடு" என்பார். அந்தப் பெட்டி ஓடுவதுகூட அவருக்குத் தெரியாது, நீ துணி வெட்டப் பலகை போட்டிருக்கிற பழைய பெட்டி என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். உன் மெஷின் சத்தத்தில் அதன் சத்தம் கேட்காது. அதனால் டப்பாவை யார் கண்ணிலும் காட்டாதே. வாணலியில் கொட்டிச் சூடாக்கு, கடைசியில் ஒரு வெங்காயத்தை வதக்கிப் போடு, அப்போதே செய்த வாசனை வரும். யார் செய்தது என்று கேட்டால் நீ செய்தது என்று சொல். வெங்காயம் வதக்குகிற அளவுக்கு உனக்கு வரும் என்று நம்புகிறேன்.

கூடத்தில் உன் அண்ணன் சொன்னபோது நீயும்தான் இருந்தாய். மாதக் கடைசியில் நான் வந்ததும் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேட்கப்போகிறார், அம்மாவோடு மலைக்குப் போறீங்களா, அத்தையோட இங்கேயே இருக்கீங்களா என்று. இங்கே குடும்பத்துக்கு வீடு தருகிறார்கள், பள்ளிக்கூடமும் இருக்கிறது, அவருக்கும் லாரிப் பட்டறையில் வேலை கிடைக்கும். பிள்ளைகள் சரி என்றால் எல்லோரும் வந்துவிடலாம். இல்லையென்றால் நான் இந்த வேலையை விடவேண்டும், இல்லை தனியாகக் கிடக்கவேண்டும். வயிறு வாடாத பிள்ளைகள் நல்ல பதிலாகச் சொல்லும் என்றுதான் இத்தனை பாடும் பட்டிருக்கிறேன். உனக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். லீவுக்கு வந்து பார்த்துவிட்டுப் போ, யார் வேண்டாம் என்றது.

அண்ணி


பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

பாப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நீங்கள் எழுதியபடியே செய்துவருகிறேன், ஒரு எழுத்து பிசகவில்லை.

முதல் நாள் கோழிக்கறி எடுத்தேன். தட்டில் வைத்ததும் பெரியவள் அதைத் தள்ளிவிட்டு, "அத்தை செஞ்சதா? ஃபயர் சர்வீஸுக்குச் சொல்லியாச்சா?" என்றாள். நீங்கள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த கேலிதானே, வாய்ப்பாடு மாதிரி வருகிறது. அவள் தம்பி வாண்டும் சேர்ந்து சிரித்தான். அண்ணன்தான் முதலில் எடுத்து வாயில் போட்டார். போட்டவர் அப்படியே என்னை நிமிர்ந்து பார்த்தார். "நிஜமாவே நீ செஞ்சியா பாப்பா?" என்றார். ஆமாம் என்றேன். "நம்ம அம்மா கை அப்படியே உனக்கு வந்திருக்கு. இத்தனை வருஷம் எங்க போய்த் தூங்கிட்டு இருந்தே?" என்றார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

அப்புறம் பெரியவளும் தட்டை இழுத்துக்கொண்டாள். இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்துவிட்டு என்ன சொன்னாள் என்று எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாளாக யோசித்தேன். ஒளிக்கக் கூடாது என்று எழுதுகிறேன். "அம்மா செய்யறதைவிட நல்லா இருக்கு அத்தை" என்றாள். நான் மறுத்துச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். நீங்கள் அப்படிச் சொல்லக் கூடாது என்று எழுதியிருக்கிறீர்களே. உங்கள் பேச்சை நான் என்றைக்கு மீறியிருக்கிறேன்?

ஒரு சின்ன விஷயம். சூப் டப்பாவுக்கு மேலே ஒரு விரல் இடம் விடவேண்டும், இல்லையென்றால் உறைந்து மூடியைத் தள்ளிவிடும் என்று எனக்குப் பாடம் எடுத்தீர்கள். ஒரு டப்பாவில் நீங்களே விட மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. மூடி பிளந்து, பக்கத்து டப்பாவெல்லாம் சூப். சுத்தம் செய்துவிட்டேன், கவலைப்படவேண்டாம்.

பாப்பா


பிப்ரவரி 13

பாப்பா,

கடிதம் படித்துச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பல்லைக் கடிக்கிற பெண் என்னவோ என்று எழுந்து வந்து பார்த்தாள். என் உப்பு, என் மிளகாய், என் முதுகு ஒடிந்த மூன்று நாள், அது என்னைவிட நன்றாக இருக்கிறதாமா! என் மகளுக்கு நாக்கு இருக்கிறதா, இல்லை வெறும் சதைதானா என்று தெரியவில்லை.

சிரித்து முடித்தபிறகு தூக்கம் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

உன் அண்ணன் கண் கலங்கினாரா? பதினோரு வருஷமாக அதே கோழியை அதே கையால் வைத்துக்கொடுக்கிறேன். ஒரு நாள் அந்த மனுஷன் தட்டிலிருந்து தலையைத் தூக்கி நல்லா இருக்கு என்று சொன்னதில்லை. உப்பு குறைந்தால் மட்டும் வாய் திறக்கும். நீ பரிமாறினால் உங்கள் அம்மா கை வந்துவிடுகிறது. நன்றாக இருக்கிறது கதை.

பாப்பா, நீயும் கொஞ்சம் தரையில் கால் வைத்து நட. கல்யாணமாகி வருஷம் திரும்புவதற்குள் ஒரு சூட்கேஸோடு திரும்பி வந்தவள் நீ. உன் மாமியார் வாசலில் நின்று கத்தியது தெருவுக்கே கேட்டது. "இவ வடிச்ச சோத்தை நாய்கூட மோந்து பார்க்காது." நான்தான் கதவைச் சாத்தினேன், ஞாபகம் இருக்கட்டும். இரண்டு நாள் புகழ்ந்ததும் நீயே சமைத்ததாக உனக்கே நம்பிக்கை வந்துவிடப் போகிறது.

ஒன்று செய். கடைசி வாரம் வந்ததும் பிள்ளைகளைத் தையல் அறைக்குக் கூட்டிப்போய்ப் பெட்டியைத் திறந்து காட்டு. "இத்தனை நாள் நீங்க சாப்பிட்டதெல்லாம் அம்மா செஞ்சு வச்சுட்டுப் போனது"ன்னு உன் வாயால் சொல். அதற்குள் அவர்கள் நாக்கு பழகியிருக்கும், பெரியவளும் வாந்தியெடுக்க மாட்டாள். நான் வரும்போது அவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

அண்ணி


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

சூட்கேஸைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இன்னும் பரண்மேல் இருக்கிறது, அதில்தான் பிள்ளைகளின் பழைய ஸ்வெட்டர்களை வைத்திருக்கிறீர்கள்.

நான் அந்தச் சூட்கேஸோடு வந்த வாரம் உங்களிடம் ஒன்று கேட்டேன். "அண்ணி, எனக்குச் சமைக்கச் சொல்லிக்கொடுங்க, அதனாலதான் என்னைத் திருப்பி அனுப்பிட்டாங்க" என்று கேட்டேன். நீங்கள் கடலை வறுத்துக்கொண்டிருந்தீர்கள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உனக்கெதுக்கு அதெல்லாம்? இனிமே யாருக்குச் சமைக்கப்போறே?" என்றீர்கள். ஒரு கூடை வெங்காயத்தைத் தள்ளிவிட்டு உரி என்றீர்கள். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். நான் அடுப்புப் பக்கம் வந்தால் பாத்திரத்தின் மூடியைப் போட்டுவிடுவீர்கள். விருந்தாளி வந்தால் என் சமையலைச் சொல்லிச் சிரிக்கவைப்பீர்கள். உங்கள் பிள்ளைகளுக்குப் பேச வந்ததும் அவர்களுக்கும் அதையே பழக்கினீர்கள். நான் எதையும் எங்கும் எழுதிவைக்கவில்லை அண்ணி, எல்லாம் அப்படியே வயிற்றில் கிடக்கிறது.

பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னீர்கள். பிள்ளைகள் தையல் அறைக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டது நீங்கள்தான். ஊசி குத்தும், கத்தரிக்கோல் இருக்கிறது, அத்தைக்குக் கவனம் போதாது என்று சொல்லித்தானே போட்டீர்கள். அதை எப்படி நான் மீறுவது?

இந்த வாரம் கொத்துக்கறி உருண்டை. வாண்டு ஒன்றைப் பாக்கெட்டில் போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போய்விட்டான், டீச்சருக்குக் கொடுக்கவாம், "எங்க அத்தை செஞ்சது." இப்போது என் பக்கத்தில்தான் படுக்கிறான். பெரியவள் ராத்திரி பாடம் படிக்கும்போது என் மெஷின் பக்கத்தில் வாசற்படியிலேயே உட்கார்ந்துகொள்கிறாள், சட்டப்படி உள்ளே வருவதில்லை. நேற்று அண்ணனிடம், "மலைக்குப் போனா அத்தையும் வருவாங்களாப்பா?" என்று கேட்டாள். அண்ணன் என்னைப் பார்த்து, "இங்க என்ன குறைச்சல்னு எல்லாரும் மலையேறணும்?" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் பரிமாறினேன், அவ்வளவுதான்.

பாப்பா


பிப்ரவரி 24

பாப்பா,

அப்படியா சங்கதி. நல்லது.

நேற்று தலைமை இன்ஜினியர் எல்லோரையும் கூப்பிட்டார். பாறை மாறிவிட்டதாம், வேலை இழுக்கிறது, இன்னும் ஒரு மாதம் இருக்கத் தயார் என்கிறவர்கள் யார் என்று கேட்டார். பரிசோதனைக் கூடத்தில் கையைத் தூக்கியது நான் ஒருத்திதான். கையெழுத்தும் போட்டாயிற்று. உன் அண்ணனுக்குத் தனியாக இரண்டு வரி எழுதிவிட்டேன்.

ஏன் தெரியுமா? பெட்டியில் என்ன மிச்சம் இருக்கிறது என்று உன்னைவிட எனக்குத் தெரியும். இன்னும் ஒரு வாரம் ஓட்டலாம், தக்காளிப் பையைக் கரைத்துக் கரைத்து ஊற்றினால் இன்னும் இரண்டு நாள். அதற்கப்புறம் அடுப்பும் நீயும்தான். உங்கள் அம்மா கை வந்திருக்கிறதே, அதை வைத்துச் சமை. உன் அண்ணன் கண் மறுபடியும் கலங்கட்டும், புகை பட்டு.

பிள்ளைகள் பாவம் என்று எழுதுவாய். எழுதாதே. பிள்ளைகள் கொஞ்சம் வயிறு காயட்டும். ஒரு மாதம் கரிந்த சோறு தின்றால் செத்துப்போக மாட்டார்கள். நான் லாரியிலிருந்து இறங்கும்போது ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டு, எப்பம்மா சமைப்பே என்று கேட்கவேண்டும். அப்போது உன் அண்ணன் கேட்கட்டும் அவருடைய கேள்வியை. பெற்ற பிள்ளைகளைப் பட்டினி போடுகிறாளே என்று நினைத்துக்கொள், எனக்கு ஒன்றும் இல்லை. என் பிள்ளைகள், நான் போடுகிறேன்.

சொல்லிக்கொடுக்கவில்லை என்று புலம்பினாயே. இப்போது கற்றுக்கொள். அடுப்பு உன்னுடையது, மூடிபோட நான் அங்கே இல்லை.

அண்ணி


மார்ச் 12

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. சமையல் வேலை சரியாக இருந்தது.

நீங்கள் கணக்கிட்ட நாளில்தான் பெட்டி காலியானது. கடைசிப் பையைக் கரைத்து ஊற்றிய அன்றைக்கு நான் கழிப்பறையில் போய் உட்கார்ந்து அழுதேன். இதைப் படித்ததும் உங்களுக்கு வயிறு குளிரும், அதற்காகவே எழுதுகிறேன். மறுநாள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபிறகு அடுப்பைப் பற்றவைத்தேன். சோறு பசை மாதிரி வந்தது. கடலை வெளியே கரி, உள்ளே கல். மீனைத் திருப்பப் போய் மீன் வேறு, முள் வேறு ஆகிவிட்டது. எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று டப்பா தேடினேன். கழுவிக் கவிழ்த்துவைத்த உங்கள் டப்பாக்கள் அடுக்காக இருந்தன. ஒவ்வொன்றிலும் உங்கள் டேப், அழியாத மையில் உங்கள் கையெழுத்து. "கோழிக்கறி." "கடலை." "மீன்." பெரியவளுக்கு அந்தக் கையெழுத்து நன்றாகத் தெரியும், அவள் நோட்டுப் புத்தகத்துக்கெல்லாம் நீங்கள்தானே பேர் எழுதுவீர்கள்.

குப்பையில் கொட்டவில்லை. அந்தந்த டப்பாவிலேயே அள்ளிப்போட்டு மூடிப் பெட்டிக்குள் வைத்தேன்.

சாயங்காலம் நல்ல கையிலேயே துணியைச் சுற்றிக் கட்டுப்போட்டுக்கொண்டேன். பிள்ளைகள் பதறிப்போனார்கள். "அத்தைக்கு எண்ணெய் கொட்டிடுச்சு, கொஞ்ச நாளைக்குச் சமைக்க முடியாது" என்றேன். வாண்டு கட்டின்மேல் ஊதினான். அப்புறம், "கவலைப்படாதீங்க, உங்க அம்மா மலையிலேர்ந்து லாரியில சமைச்சு அனுப்பியிருக்காங்க" என்று சொல்லி டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். ஐஸ் பிடித்து, ஓரமெல்லாம் வெள்ளை பூத்து, டேப் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. முதலில் சந்தோஷம்தான். அம்மா எழுத்து, அம்மா எழுத்து என்று குதித்தார்கள். பெரியவள் பழசு என்று சொல்ல வாயெடுத்து, அம்மா அனுப்பியது என்பதால் அடக்கிக்கொண்டாள். அதையும் சொல்லவேண்டும், உங்கள் மகள் உங்களுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் முதல் வாய் எடுத்தாள்.

வாண்டு துப்பிவிட்டான். பெரியவள் விழுங்கினாள், விழுங்கிவிட்டு எழுந்து ஓடினாள். வாந்தியெடுக்கும்போது நான்தான் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன், கட்டுப்போடாத கையால். அண்ணன் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினார். "கல்லையும் மண்ணையும் நசுக்கி நசுக்கி இவளுக்குக் கைப்பக்குவமே போயிடுச்சா? இதை நாலு மலை தாண்டி வேற அனுப்புறா" என்றார்.

அன்றிலிருந்து புதன்கிழமையும் சனிக்கிழமையும் ஒவ்வொரு டப்பா. மற்ற நாளெல்லாம் முனைக்கடை ரொட்டியும் பாலும். முன்பெல்லாம் லாரி நாள் என்றால் உங்கள் கடிதத்துக்காக வாசலிலேயே நிற்பார்கள். போன சனிக்கிழமை வாண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். "அம்மா லாரி வந்துடுச்சா? நான் தூங்கிட்டேன்னு சொல்லுங்க" என்றான்.

கற்றுக்கொள் என்று எழுதினீர்கள். கற்றுக்கொண்டேன்.

பாப்பா


மார்ச் 16

பாப்பா,

லாரிக்காரன் காத்துக்கொண்டிருக்கிறான், அவசரமாக எழுதுகிறேன், எழுத்து புரியாவிட்டால் மன்னித்துக்கொள்.

இன்ஜினியர் காலில் விழாத குறை. வீட்டில் உடம்பு சரியில்லை, என்னை விட்டுவிடுங்கள் என்றேன். கையெழுத்துப் போட்டால் போட்டதுதான், மாதம் முடியாமல் லாரியில் ஏற்ற முடியாது என்கிறார். நடந்து இறங்கிவிடலாம் என்றுகூட நினைத்தேன். பாதையில் வெடி வைக்கிறார்கள், காவலாளி திருப்பி அனுப்பிவிட்டான்.

நீ ஜெயித்துவிட்டாய், போதுமா? மலை வேண்டாம், வீடு வேண்டாம். இந்த மாதம் முடிந்ததும் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன். எல்லோரும் அங்கேயே இருக்கலாம், நீயும் இரு, பிள்ளைகள் உன் பக்கத்திலேயே படுக்கட்டும், நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் என் பிள்ளை என் கையெழுத்தைப் பார்த்துக் கட்டிலுக்கு அடியில் போகிறான் என்று எழுதியிருக்கிறாயே, அதை எப்படி நான் தாங்குவேன்? பட்டினி கிடக்கட்டும் என்று நான் எழுதியது உன்மேல் இருந்த ஆத்திரத்தில். நீ அதை எடுத்து என் பிள்ளைகள் வாயிலேயே திணித்துவிட்டாய். ஒரு பொம்பளைக்கு இவ்வளவு விஷம் எங்கிருந்து வரும்?

யாருக்குச் சமைக்கப்போறே என்று நான் கேட்டதாக எழுதியிருந்தாய். எனக்கு நினைவே இல்லை. கேட்டிருப்பேன்.

இதோடு பெரியவளுக்கு ஒரு காகிதம் வைத்திருக்கிறேன், மடித்து அவள் பேர் எழுதி. நடந்ததையெல்லாம் எழுதியிருக்கிறேன். ஐஸ்க்ரீம் பெட்டி, மூன்று நாள் சமையல், நீ சமைத்ததாகச் சொல்லச் சொன்னது நான்தான் என்பது, எல்லாம். உன் அண்ணனுக்கும் எழுதிவிட்டேன். அதை அவள் கையில் கொடு. பிரித்துப் படிக்கிறாயோ என்னவோ செய்துகொள், ஆனால் கொடு. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். இதுவரை உன்னிடம் எதுவும் நான் கேட்டதில்லை, ஏவித்தான் பழக்கம்.

அண்ணி


மார்ச் 23

அன்புள்ள அண்ணிக்கு,

காகிதத்தைக் கொடுத்துவிட்டேன். பிரிக்கவில்லை, ஒரு வரி மாற்றவில்லை. நீங்கள் காலைப் பிடித்துக் கேட்டபிறகு கொடுக்காமல் இருப்பேனா?

அண்ணனுக்கு எழுதியதையும் அவர் படித்தார். படித்துவிட்டு நேராகத் தையல் அறைக்கு வந்து பலகையை எடுத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார். உள்ளே என் துணி உருளைகள் இருந்தன. பெட்டியைப் போன வாரமே அணைத்துத் துடைத்துக் காயவைத்துவிட்டேன், சும்மா கரண்ட் ஓடவேண்டாம் என்று. மூடியைத் திரும்பப் போட்டார். "உங்க ரெண்டு பேர் சமையலறைச் சண்டையை என் தலையில கொண்டுவந்து கட்டாதீங்க. அவ வந்ததும் பேசிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டார். அண்ணன் எப்போதும் அப்படித்தானே. தட்டில் இருப்பதைத் தவிர எதையும் கிளறிப் பார்க்க மாட்டார்.

பெரியவள் உங்கள் காகிதத்தை மூன்று தடவை படித்தாள். ஒரு தடவை தம்பிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். நான் வாசற்படியில் நின்றேன், நடுவில் பேசவில்லை. படித்து முடித்ததும் என்னிடம் வந்து கேட்டாள். "அம்மா செஞ்சு வச்சதுதான் அவ்வளவு நல்லா இருந்துச்சுன்னா, அம்மா அனுப்பினது மட்டும் ஏன் அத்தை அப்படி இருந்துச்சு?" நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவளே யோசித்துக்கொண்டிருந்தாள். உங்கள் மகளுக்கு மூளை இருக்கிறது அண்ணி, நாக்குதான் இல்லை என்று எழுதியிருந்தீர்கள்.

அவள் உங்கள்மேல் கோபப்பட்டிருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். கோபப்படவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தை மடித்துத் தன் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டாள். "பாவம் அம்மா. தனியா இருக்காங்க இல்ல, நாம அத்தை சாப்பாட்டைப் புகழ்ந்ததைக் கேட்டு அழுகை வந்திருக்கும், அதான் இப்படி எழுதியிருக்காங்க. நீ அம்மா வரும்போது பொய்னு சொல்லிடாதேடா" என்று தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தாள். வாண்டு தலையாட்டினான். நீங்கள் இறங்கும்போது இரண்டு பேரும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வார்கள். அதில் சந்தேகமே வேண்டாம், அப்படித்தான் பேசிவைத்திருக்கிறார்கள்.

என் கை இன்னும் ஆறவில்லை. ராத்திரி படுக்கும்முன் பெரியவள் கட்டை மாற்றிவிடுகிறேன் என்று வருகிறாள், இன்னும் ரணமாக இருக்கிறது, பார்த்தால் பயப்படுவாய் என்று விலக்கிவிடுகிறேன். இந்தக் கட்டை எப்போது அவிழ்ப்பது என்பதுதான் எனக்கு இத்தனை நாளும் கவலையாக இருந்தது. அவிழ்த்தால் சமைக்கவேண்டுமே. நேற்று அந்தக் கவலையையும் உங்கள் மகளே தீர்த்துவைத்துவிட்டாள்.

முனைக்கடை ரொட்டியைப் பாலில் தோய்த்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று, "அத்தை, உங்க கை சரியாகலைன்னாலும் பரவாயில்லை. அம்மா வந்ததும் அவங்களை அடுப்புகிட்ட நிக்கவச்சு நீங்க பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக்குடுங்க. நீங்க சொல்லச் சொல்ல அவங்க செய்யட்டும். கொஞ்சம் கொஞ்சமா கத்துக்குவாங்க. சிரிக்காம சொல்லிக்குடுங்க, பாவம்" என்றாள்.

சரி என்று சொல்லியிருக்கிறேன். வாருங்கள் அண்ணி.

பாப்பா